வாய் திறக்காத தடுப்பாட்டக்காரன்

தொலைக்காட்சியில் மட்ச் ஓடிக்கொண்டிருக்கும். என் கணவர் "கோல்!" என்று கதிரையை விட்டு எழும்புவார். "ஆரு அடிச்சது?" என்று நான் கேட்பேன்.

"முன்னாலதானே இருந்தனீ? எங்கை பாத்துக்கொண்டிருந்தனீ?" என்பார்.

நான் பந்தில்லாத பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன். உதைபந்தாட்டக் கழகம் ஒன்றுக்கு இளம் ஆட்டக்காரரைத் தேடிப் பார்த்துச் சொல்லும் ஸ்கவுட் வேலையைப் பல வருடங்கள் செய்தவள் நான். அதிலும் எனக்கென்று ஒதுக்கப்பட்டது தடுப்பாட்டக்காரர்கள். அவர்களைப் பார்ப்பதென்றால் பந்தை மறக்க வேண்டும். வேலையை விட்டாயிற்று, கண் விடமாட்டேன் என்கிறது.

போன மாதம் கழகத்தில் புதிதாகச் சேர்ந்த ஸ்கவுட்டுகள் என்னைக் கோப்பிக்குக் கூப்பிட்டார்கள். நீங்கள் முடிவு சொல்ல ஆகக் கஷ்டப்பட்ட ஆட்டக்காரன் யார் என்று கேட்டார்கள். கீர்த்தனின் பெயரைச் சொன்னேன். அவர்கள் நம்பவில்லை. இன்றைக்கு அவன் ஆடுவதைப் பார்ப்பவர்களுக்கு அதில் என்ன கஷ்டம் என்றுதான் தோன்றும். அங்கே அரைகுறை நொஷ்கில், அதாவது நோர்வே மொழியில், சொன்னதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன்.

நான் மட்டக்களப்புக்காரி. பள்ளிக்கூடத்தில் வலைப்பந்து ஆடினேன். எதிரணியில் கூடைக்குள் பந்து போடுகிறவளை மறிப்பதுதான் என் இடம். வலைப்பந்தில் ஆளைத் தொடக் கூடாது. மூன்றடி தள்ளி நின்றுதான் மறிக்க வேண்டும். கை வைக்காமல் ஒருத்தியை எரிச்சலூட்டி அழ வைக்கும் கலை அது, எனக்கு நன்றாகவே கைவந்தது. பிறகு நாடு விட்டு நோர்வேக்கு வந்து, வடக்கே மீன் வெட்டி, ஒஸ்லோவுக்கு இறங்கி, அங்கே ரொம்சோசில் சிறுவர் பள்ளி உதவியாளராக வேலை செய்தேன். என் பிள்ளைகள் ஆடிய கழகத்தில் டுக்னாட் வரும். கூலியில்லாமல் பெற்றோர் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலை, நம் ஊர்ச் சிரமதானம். எனக்கு வாபிள் சுடுகிற முறை. வாபிள் ஜன்னலுக்கு வெளியேதான் ஓட்வாரை முதன்முதலில் கண்டேன்.

ஓட்வார் பெரிய கழகமொன்றின் தலைமை ஸ்கவுட். வடக்கத்தி மனிதர், நெட்டையான ஆள். ஆமோதிக்க வேண்டுமென்றால் மூச்சை உள்ளே இழுத்து "யா" என்பார். முதல் தடவை கேட்டபோது ஆளுக்குத் தொய்வு, மூச்சு முட்டுகிறது என்று நினைத்துத் தண்ணீர் நீட்டினேன். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு, வாபிளுக்குக் காத்து நிற்கும் நேரத்தில், "இண்டைக்கு ஆரைப் பார்த்தாய்?" என்று கேட்டார். (அவர் பேசிய நொஷ்கை என் தமிழில்தான் எழுதுவேன், வேறு தமிழ் எனக்கு வராது.) நீலக் காலுறைக்காரன் தன் ஆளை விட்டுவிட்டுப் பந்துக்குப் பின்னால் ஓடுகிறான் என்றேன். அடுத்த கிழமையும் வந்து கேட்டார். அதற்கடுத்த கிழமையும் வந்தார். வாபிளில் அவருக்கு அவ்வளவு பிரியமில்லை என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அப்படியே பகுதிநேரமாகத் தொடங்கி, அவரிடமே தொழில் படித்து, கடைசியில் முழுநேர வேலையாகிவிட்டது.

அவருடைய முறைகள் விசித்திரமானவை. மைதானத்தில் இருவரும் பக்கத்தில் நிற்கக் கூடாது. ஒருவர் முகத்தை மற்றவர் பார்த்தால் கருத்து தொற்றிக்கொள்ளும் என்பார். நான் முதற்பாதியைக் கோலுக்குப் பின்னாலிருந்து பார்ப்பேன், அப்போது பார்க்க வந்த ஆட்டக்காரன் நிற்கும் இடம் தெரியும். இரண்டாம் பாதியை அவன் ஓடுகிற கரையோரக் கம்பியில் சாய்ந்துகொண்டு பார்ப்பேன், அப்போது முகம் தெரியும். மட்ச் முடிந்து காரில் ஏறினால் ஒரு வார்த்தை பேச முடியாது. வழியில் பெற்றோல் நிலையம் வர வேண்டும். ஆளுக்கொரு சொசேஜ் வாங்கித் தின்று முடிக்க வேண்டும். அதற்குப் பிறகு ஆளுக்கொரு சொல். "ஓம்", "இல்லை", "இன்னொருக்கா". இந்த மூன்றில் ஒன்றைச் சொன்ன பிறகுதான் விளக்கம். பசியோடு இருக்கிறவன் எல்லா ஆட்டக்காரனையும் குறைத்து மதிப்பிடுவான் என்பது அவர் கட்சி. வெள்ளிக்கிழமைகளில் நான் மச்ச மாமிசம் தின்பதில்லை என்று தெரிந்த பிறகு, சொசேஜ் சுற்றித் தருகிற உருளைக்கிழங்கு ரொட்டியில் கடுகுக் கூழ் மட்டும் தடவி வாங்கித் தருவார். "உன்ர கடவுளுக்கு மஸ்ராட் பிரச்சினையில்லையே?" என்று ஒவ்வொரு வெள்ளியும் கேட்பார். எனக்கு அந்த மனிதரில் உயிர்.

அவர் அடிக்கடி சொல்கிற ஒரு விதி உண்டு. ஒரு தடுப்பாட்டக்காரன் தோற்பதை நீ பார்க்கவில்லையென்றால், அவனையே நீ இன்னும் பார்க்கவில்லை என்பார்.

கீர்த்தனை நான் தேடிப் போகவில்லை. மாணவர் அணி ஒன்றுக்கு எதிராக ஆடிய ஒரு விங்கரை, கரையோரமாகப் பந்தோடு ஓடித் தாக்குகிறவனை, பார்க்கத்தான் போனேன். அந்த விங்கர் நல்ல வேகக்காரன் என்று கேள்வி. முழு மட்சிலும் அவனுக்குப் பந்து வரவேயில்லை. அவனுடைய ஆட்கள் எல்லாப் பந்தையும் மற்றப் பக்கத்தால் கொண்டுபோனார்கள். "ஒன்றுமில்லாத பொடியன்" என்று முடிவு கட்டப் போனேன். பிறகு ஓர் ஐயம் வந்தது. ஏன் இவனுக்கு ஒருத்தரும் கொடுக்கிறார்கள் இல்லை?

அவனுக்கு எதிரே நின்ற வலது பக்கைப் பார்த்தேன். வலப்பக்கக் கரையை மறிக்கிறவனை நாங்களும் ரைட் பக் என்றுதான் சொல்வோம், நொஷ்க்காரரும் பக் என்றுதான் சொல்வார்கள். மெலிந்த தமிழ்ப் பொடியன். நெஞ்சைப் பாதி கரைக்கும் பாதி நடுவுக்குமாகத் திருப்பி நின்றான். பந்து எங்கே இருந்தாலும் இரண்டு தடவை தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டான். விங்கரிடமிருந்து நான் வலைப்பந்தில் நின்ற அதே தூரத்தில் நின்றான். தொடவில்லை, விடவுமில்லை. பந்தை வைத்திருக்கிறவன் தலை நிமிர்த்தும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் பூட்டிய கதவாக இருந்தது. மற்றப் பக்கம்தான் போக வேண்டியிருந்தது.

இரண்டாம் பாதியில் கரையோரம் போய் நின்றேன். அப்போதுதான் அவன் வாய் தெரிந்தது. ஒரு நொடி ஓயவில்லை. "இடது! இடது! பின்னால வாறான்! ஏறு! நில்லு!" என்று முன்னாலும் பக்கத்திலும் நிற்கிறவர்களைத் தன் குரலாலேயே தள்ளி இழுத்து நிறுத்திக்கொண்டிருந்தான். அவன் பூட்டிய கதவுக்குச் சாவி காலில் இல்லை, தொண்டையில் இருந்தது. பார்க்கப் போனது ஒருவனை, பார்த்து வந்தது இன்னொருவனை.

அடுத்த மட்சுக்கு ஓட்வாரையும் கூட்டிக்கொண்டு போனேன். அன்றும் அவன் பக்கம் ஒன்றும் நடக்கவில்லை. சொசேஜ் முடிந்ததும் நான் "ஓம்" என்றேன். அவர் "இன்னொருக்கா" என்றார். "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அவன் தோற்கிறதை நான் இன்னும் காணல்ல."

அவர் சொன்னதும் நியாயம். பொடியனுக்கு இருபத்தொரு வயது. ஆசிரியராகப் படித்துக்கொண்டிருந்தான். அந்த வயதில் ஒரு கழகம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால், இரண்டாவது கழகம் கூப்பிடாது. கழகத்துக்கு அடுத்த பருவத்துக்கு ஒரு வலது பக் தேவைப்பட்டது. ஆகவே எங்கள் ஆட்களே இரண்டாகப் பிரிந்து ஆடும் ஒரு பரீட்சை ஆட்டத்துக்கு அவனை அழைத்தோம். எங்கள் ஆக வேகமான விங்கரை அவனுக்கு எதிரே விடுவதென்று முடிவு. அவனுக்கு அது ஒரே தரம் திறக்கிற வாசல்.

அது ஒரு வெள்ளிக்கிழமை, பனி விழுவதற்கு முந்திய குளிர். கார் நிறுத்துமிடத்தில் ஒருவர் காருக்குள் தேநீர்ப் போத்தலுடன் இருந்தார். பஸ் சாரதிகளின் யக்கெட் போட்டிருந்தார். கீர்த்தனின் அப்பா யோகராசா. ஹவுகன்ஸ்டுவாவிலிருந்து மகனைக் கொண்டுவந்து இறக்கியிருந்தார்.

"உள்ளுக்கு வாங்க, குளிருது" என்றேன்.

"வேண்டாம் அக்கா. பெரியாக்கள் இருக்கிற இடம். நான் வந்தா அவனுக்கும் ஒரு மாதிரி இருக்கும். நான் இஞ்சையே இருக்கிறன்."

ஆட்டம் தொடங்கியது. அன்று முழு ஆட்டத்தையும் அவன் ஓடுகிற கரையிலிருந்தே பார்த்தேன். கீர்த்தனுக்குப் பக்கத்தில் நின்று ஆடியவர் எங்கள் கப்டன் ரூனே. தாடி வைத்த மலை போன்ற மனிதர், வயது முப்பத்துநாலு. கீர்த்தன் எல்லோருக்கும் கை கொடுத்தான். தண்ணீர்ப் போத்தல் எடுக்கும் வரிசையில் கடைசியாகப் போய் நின்றான்.

தொடங்கிச் சற்று நேரத்தில் எங்கள் விங்கர் அவனைத் தாண்டிப் போனான். மறுபடியும் போனான். மூன்றாவது தடவை கோல். நான் பந்தைப் பார்க்கவில்லை, அவன் வாயைப் பார்த்தேன். ரூனே நடுவில் இரண்டு எட்டு அதிகமாகத் தள்ளி நின்றதுதான் பிழை. கீர்த்தன் அதைக் கண்டான். வாய் திறந்தது. ரூனேயின் முகத்தைப் பார்த்தான். வாய் மூடிக்கொண்டது. பிறகு அவன் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரூனே விட்ட இடத்தையும் தானே ஓடி மூடினான், தன் இடத்தையும் தானே ஓடி மூடினான். எங்கள் கலியாண மண்டபத்தில் பெரியவர் ஒருவர் வழியை மறித்துக் கதிரை போட்டு இருந்தால், பொடியன்மார் "எழும்புங்கோ" என்று சொல்வார்களா? சாப்பாட்டுத் தட்டுகளையும் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றித்தான் போவார்கள். கீர்த்தன் ரூனேயைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான்.

இடைவேளையில் ஓட்வார் தன் விதியை மீறி என் பக்கம் வந்தார். "இப்ப தோற்கிறதைப் பார்த்துட்டன். நீ சொன்ன பொடியன் இவன்தானா?"

"இவன்தான். இவன் கதைக்கிறான் இல்ல."

"ஏன்?"

"ரூனே மூத்தவர்."

ஓட்வார் தன் நெட்டை உடம்பை வளைத்து என் முகத்தைப் பார்த்தார். "ரூனே அவனுக்கு ஆரு? மாமனா?"

"ஒரு கணக்கில மாமன்தான்."

விளக்கினேன். எங்கள் வலைப்பந்து அணியிலும் எனக்கு மூத்தவர்கள் ஆடினார்கள். "அக்கா, இடப்பக்கம் அக்கா!" என்று கத்துவோம். அக்கா என்ற ஒரு சொல்லைப் போட்டால் எந்தக் கட்டளையும் செல்லமாகிவிடும். இந்தப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. நொஷ்கில் "அண்ணை" கிடையாது. வெறும் "ரூனே! இடது!" என்றுதான் சொல்ல வேண்டும். வீட்டில் வளர்த்த வளர்ப்பு அவன் தொண்டையைப் பிடித்திருக்கிறது.

பரீட்சை நாளில் ஸ்கவுட் ஆட்டக்காரனோடு பேசக் கூடாது. அந்த விதியில் ஓட்வார் தளரமாட்டார். நானும் கேட்கவில்லை. "அவனோட கதைக்க வேணாம். ரூனேயோட கதைங்க. 'நான் எங்க நிக்கணும் எண்டு நீ சொல்லு' எண்டு ரூனே அவனைக் கேட்கட்டும். பெரியவரை ஏவ அவனால ஏலாது. பெரியவர் சொன்னதைத் தட்டவும் அவனால ஏலாது."

ஓட்வார் யோசித்தார். பிறகு மூச்சை உள்ளே இழுத்து "யா" என்றார்.

இரண்டாம் பாதி தொடங்குமுன் ரூனே அவன் தோளில் கை போட்டு ஏதோ சொன்னார். கீர்த்தன் பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிற பிள்ளையைப் போலத் தலையாட்டினான். முதல் பந்து வந்தது. "இடது" என்றான். கரையில் நின்ற எனக்கே அரைகுறையாகத்தான் கேட்டது. ரூனே காதுக்குப் பின்னால் கையை வைத்து, "என்ன?" என்றார். "இடது!" ரூனே நகர்ந்தார். விங்கருக்குப் போகவிருந்த பந்து நின்றுபோனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் குரல் வளர்ந்தது. கால் மணித்தியாலத்தில் அவன் பக்கம் மறுபடியும் பூட்டிய கதவு.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். ஓட்வார் சிரிக்கவில்லை. தூரத்திலிருந்து விரலைக் காட்டி ஆளை மாற்றச் சொன்னார். ரூனே வெளியே வந்தார். அவருக்குப் பதிலாகத் தலை நரைத்த உதவிப் பயிற்சியாளர் சப்பாத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. நெட்டையனின் மூளை எனக்கு விளங்கியது. ஒவ்வொரு மட்சிலும் ஒவ்வொரு மூத்தவரிடமும் போய் அனுமதி வாங்கிக் கொடுக்க முடியுமா? ரூனே திறந்துவிட்டது ரூனேயோடு மூடிக்கொண்டால் இவன் எங்களுக்கு உதவமாட்டான். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அவர் செய்தது சரி.

பந்து வந்தது. பயிற்சியாளர் பிழையான இடத்தில் நின்றார். கீர்த்தனின் வாய் திறந்தது, மூடியது. விங்கர் தாண்டிப் போய் உதைத்தான். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனது. நான் மாமாங்கப் பிள்ளையாரைக் கூப்பிட்டேன். மனே, ஒரு சொல்லுடா மனே என்று எனக்குள்ளேயே கெஞ்சினேன். என் சொந்தப் பிள்ளைகளின் பரீட்சைக்குக் கூட நான் அப்படி நின்றதில்லை.

மறுபடியும் பந்து. பயிற்சியாளர் மறுபடியும் அதே இடத்தில். கீர்த்தன் அவருடைய நரைத்த தலையை ஒரு தடவை பார்த்தான். பிறகு கண்ணை இறுக்கி மூடித் திறந்து, "உள்ளுக்கு! உள்ளுக்கு வா!" என்று போட்டான் ஒரு சத்தம். மருந்து குடிக்கிற முகம். மனுசன் துள்ளி விழுந்து உள்ளே வந்தார். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அவரை நிம்மதியாக நிற்க விடவில்லை.

பெற்றோல் நிலையத்தில் ஓட்வார் தன் சொசேஜை முடித்தார். நான் என் வெறும் ரொட்டியை முடித்தேன். "ஓம்" என்றார். "ஓம்" என்றேன். அவ்வளவுதான்.

ஒப்பந்தம் எழுதின பிறகு ஒரு நாள் கீர்த்தனிடம் கேட்டேன். "ஏன் மனே அண்டைக்கு வாயைப் பொத்திட்டு நிண்ட?"

"அன்ரி, அவர் எங்கட கப்டன். நான் அவரை முதலே டிவியில பாத்தனான். எப்பிடி அன்ரி அவரை அங்கால போ எண்டு சொல்லுறது? அப்பா கேட்டா என்ன நினைப்பார்?"

முதலாவது சொந்த மைதான மட்ச் வந்தபோது யோகராசா எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அக்கா, நீங்கள் சொன்னியள், அவன் கத்தினாத்தான் விளையாட்டு எண்டு. அவன் கத்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. வீட்டில ஆள் இருக்கிற சத்தமே இல்லை. எனக்கு ஒருக்காக் கேக்கவேணும். ஆனா அவன் என்னைக் காணக்கூடாது. கண்டா வாயைத் திறக்கமாட்டான்."

கோலுக்குப் பின்னால் மேல்வரிசையில் ஓர் இடம் எடுத்துக் கொடுத்தேன். அவர் அதில் இருக்கவில்லை. மகன் அங்கால் கரையில் ஆடுகிறான் என்று கண்டதும், இங்கால் கரையில் என் பக்கத்தில் கீழ்வரிசைக்கு இறங்கி வந்துவிட்டார், விளக்கம் கேட்க ஆள் வேண்டுமாம். முதற்பாதி முழுக்கக் கேள்விதான்.

"இப்ப கத்துறானோ?"

"ஓம், கத்துறான்."

"கேக்கேல்லையே அக்கா."

இடைவேளைக்குப் பிறகு அணிகள் பக்கம் மாறும் என்பது, மைதானத்துக்குள் ஒருநாளும் வந்திராத அந்த மனிதருக்குத் தெரியாது. பேச்சுச் சுவாரசியத்தில் எனக்கும் நினைவு வரவில்லை. இரண்டாம் பாதிக்குக் கீர்த்தன் நேரே எங்கள் முன்னால் வந்து நின்றான். அவர் யக்கெட்டின் தொப்பியை முகத்துக்கு மேலால் இழுத்தார். காலம் கடந்துவிட்டது, மகன் கண்டுவிட்டான்.

வாய் மூடிக்கொண்டது. நரைத்த தலையை வென்றவனால் அப்பாவை வெல்ல முடியவில்லை. எதிரணி விங்கர் ஒரு தடவை புகுந்தான். மறுபடியும் புகுந்தான். ரூனே கையை விரித்துக்கொண்டு அவனைப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் "யாரிந்தப் புதுப் பொடியன்?" என்று முணுமுணுத்தார்கள்.

"என்னாலதான் அக்கா. நான் எழும்பிப் போறன்" என்றார் யோகராசா. நான் அவர் கையைப் பிடிக்குமுன் எழும்பிவிட்டார்.

எழும்பியவர் போகவில்லை. தொப்பியைப் பின்னால் தள்ளினார். இரண்டு கைகளையும் வாயில் குவித்தார். வருடக்கணக்காகப் பஸ் ஓட்டி, பிரயாணிகளிடம் கூட உரத்துப் பேசியிராத மனிதர், அத்தனை சனத்துக்கும் நடுவில் நின்று தமிழில் கத்தினார்.

"கத்தடா தம்பி! அப்பா கேக்கத்தான் வந்தனான், கத்தடா!"

கீர்த்தன் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் காது மட்டும் சிவந்தது. அடுத்த பந்து வந்தபோது அவன் ரூனேயைப் பார்த்துக் கத்திய கத்தல் மைதானத்தின் மறுகரைக்கும் கேட்டிருக்கும். ரூனே ஓடினார். விங்கர் நின்றான். யோகராசா கையை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றுகொண்டிருந்தார்.

"அக்கா," என்றார், "இது என்ர பொடியன்ர குரலோ?"